காகத்தில் தொடங்கும் கணக்கு

(கிராம வாசகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத் தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது பறவை நிபுணர் என்றார். அது பிழை. நான் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பறவை விஷயத்தில் வெறும் கணக்குப்பிள்ளை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாம் திகதி விடியமுன் நான் கிணற்றடியில் நிற்பேன். கையில் ஒரு புதுக் கொப்பி. மேலே ஆண்டு எழுதியாயிற்று. கீழே 1 என்று போட்டுக் காத்திருப்பேன். பெரும்பாலும் காகம்தான் வரும். சில ஆண்டுகளில் இருட்டோடு கரிக்குருவி முந்திவிடும். எது முதலில் வந்தாலும் அன்றைக்கு அது புதுப்பறவை. முதல் நாள் வரைக்கும் ஆயிரம் தரம் பார்த்த காகம், திகதி மாறியதும் மறுபடி முதலாம் இலக்கத்தில் வந்து குந்துகிறது. அதற்குப் பின் புலுனி, கிளி, செம்பகம், மைனா. ஒன்பது மணிக்கு இருபது, இருபத்தைந்து பெயர் சேர்ந்துவிடும். பிறகுதான் பாடு. மிச்சப் பெயர்களுக்கு டிசம்பர் 31 வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

ஒரு தரம் பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்ரர், காகத்தையும் எழுதுறியளோ?"

"எழுதாமல் விட்டால் கோவிக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் புரட்டாதிச் சனியில் காகம் வந்து சோறெடுக்கும்வரை தன் இலையில் கைவைக்காத மனிதர் அவர். கூப்பிட்ட நேரத்தில் காகம் வராவிட்டால் வீடே எப்படித் தவிக்கும் என்று அவருக்குத் தெரியும். என் கொப்பிக்கும் அந்தத் தவிப்பு உண்டு. வரவேண்டியது வராவிட்டால் அது ஒரு செய்தி. இதைப் பிறகு சொல்கிறேன்.

ஓர் ஆண்டுக்குள் பார்த்த பறவை இனங்களை இப்படி எழுதிவைப்பது உலகமெங்கும் உள்ள பழக்கம். சிலருக்கு அது பந்தயமும்கூட. 1953இல் ரோஜர் ரோரி பீற்றர்சன் என்ற அமெரிக்கர் தன் நண்பரோடு வட அமெரிக்காவைச் சுற்றி 572 இனங்கள் பார்த்தார். 1973இல் கென் கோஃப்மன் என்ற இளைஞர், இருபது வயதுகூட நிரம்பாதவர், வழியில் போகும் வாகனங்களை மறித்து ஏறி ஏறியே அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் உலகத்தைச் சுற்றி 6,042 என்றார். அடுத்த ஆண்டே ஆர்யன் ட்வார்ஸ்ஹாயிஸ் என்ற ஒல்லாந்துக்காரர் 6,800ஐத் தாண்டிவிட்டார். உலகில் உள்ள பறவை இனங்கள் பத்தாயிரத்துச் சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் பெரிய மயக்கம் கிடையாது. ஒரே ஆண்டில் நாற்பது நாடு ஓடுகிறவருக்கு ஒரு பறவையை இரண்டாம் தரம் நின்று பார்க்க எங்கே நேரம்? வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு கதவைச் சாத்துகிற மாதிரி.

ஆனால் ஒருவரை மட்டும் எனக்குப் பிடிக்கும். 2014இல் டோரியன் அண்டர்சன் என்பவர் அமெரிக்காவில் அந்த ஆண்டு முழுவதும் சைக்கிளில் மட்டும் போய் 600இற்கு மேற்பட்ட இனங்களைப் பார்த்தார். பெற்றோல் இல்லை, விமானம் இல்லை என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அப்படித்தானே ஓடியது! கலியாண மாப்பிள்ளையும் சைக்கிளில் போனான், பிள்ளைப்பேற்றுக்காரியும் சைக்கிளில் போனாள். அப்போது யாராவது எங்களைப் பார்த்து வியந்தார்களா?

ஆகவே நான் எனக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். சைக்கிளில் போய், இருட்டமுன் அதே சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரம்தான் என் எல்லை. புத்தூர்ப் பக்கம் இருக்கிற எனக்கு அது போதும். வல்லை வெளி, தொண்டைமானாறு, சரசாலைக் குருவிக்காடு. கால் இடங்கொடுத்தால் பண்ணைப் பாலமும் மண்டைதீவும். சுண்டிக்குளம் சைக்கிளுக்கு எட்டாது. 1938இலேயே பறவைச் சரணாலயம் ஆக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவான இடம், பூநாரைக்குப் பேர்போனது. அங்கே வருடத்தில் ஒரு நாள் வான் பிடித்துப் போவேன். அந்த நாளைத் தனிப் பக்கத்தில் எழுதுவேன். சட்டம் என்றால் சட்டம்.

இங்கே என்ன பறவை இருக்கிறது, சிங்கராஜாவுக்குப் போனால் அல்லவா பார்க்கலாம் என்று சிலர் கேட்பதுண்டு. இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகள் முப்பதுக்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கு மழைக்காட்டிலும் மலைநாட்டிலும் இருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழைக்காட்டுப் பறவை பார்த்து முடித்த கொழும்புக்காரர் அடுத்து எங்கே வருகிறார் தெரியுமா? எங்கள் பக்கம். நீங்கள் தோட்டத்தில் நாளாந்தம் பார்க்கிற கரிக்குருவி, இந்தத் தீவில் வடக்கிலும் வடமேற்குக் கரையை ஒட்டியும்தான் சாதாரணம். தெற்கில் அவர்கள் காண்பது வயிறு வெளுத்த வேறு இனம். வரம்பில் ஓடுகிற கவுதாரி, கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறா, வேலி முள்ளில் குந்தியிருந்து வெட்டுக்கிளியைக் குறிபார்க்கிற நீண்டவால் கீச்சான், இவையெல்லாம் அப்படித்தான். வறண்ட வடக்கின் பறவைகள். இலங்கையின் மற்றப் பகுதியை விட எதிர்க்கரையான தமிழ்நாட்டோடு இவற்றுக்கு உறவு கூட. ஒருமுறை ஒரு கொழும்பு நண்பர் கள்ளிப்புறா பார்க்கவேண்டும் என்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக் கூரையில் அது குந்தியிருந்தது. பல் தீட்டிக்கொண்டே பார்த்தார். வந்த காரியம் ஆறரைக்கே முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் ஒடியல் கூழ் குடித்தோம்.

இனி உங்களுக்கு முத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்து சில வருடம் அரச சேவையில் இருந்தார். பறவைப் பைத்தியம். அந்தக் காலத்துப் பறவைப் பைத்தியம் என்றால் சுட்டு, தோல் உரித்து, பஞ்சடைத்துப் பெட்டியில் போடுவது. அவருக்கு ஒரு தமிழ்ச் சமையற்காரர் இருந்தார். பெயர் முத்து. அடுப்படி வேலையோடு துரைக்குப் பறவை தேடிக் கொண்டுவருவதும் முத்துவின் வேலையாயிற்று. பருத்தித்துறையில் முத்து கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்னக் குருவி அதுவரை அறிவியல் அறியாத இனமாக இருந்தது. லேயார்ட் 1854இல் அதை வெளியிட்டபோது முத்துவின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் உலகத்தில் எந்தப் பறவை நூலைத் திறந்தாலும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு நேரே மஸ்கிகாப்பா முத்துயி என்றே இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். அது வடகிழக்கு இந்தியா, பர்மா, தென்சீனம் என்று அந்தப் பக்கங்களில் முட்டையிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் எங்கள் தீவின் நிழல் செறிந்த காடுகளிலும் கழிக்கிற பறவை. பருத்தித்துறை அதற்கு வழியில் ஒரு மடம், அவ்வளவுதான். மண்ணிறக் குருவி, மண்ணிற மரக்கொப்பு, ஒரு சத்தமும் இல்லை. அதை மற்றக் குருவிகளிலிருந்து பிரித்துக் கண்டவர் முத்து. அந்தக் கண் ஒரே நாளில் வந்திருக்காது. நாள்தோறும் அதே மரங்களைப் பார்த்து, வழக்கமாக வருவது எது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறவனுக்குத்தான் வழக்கமில்லாதது கண்ணில் குத்தும். லேயார்ட்டுக்கு வாயில் பெயர்கள் இருந்தன, முத்துவிடம் பட்டியல் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேயார்டின் கிளி என்று ஒரு கிளி இருக்கிறது, இலங்கைக்கே உரியது. அதன் அறிவியல் பெயர் அவருடைய மனைவியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. சமையற்காரருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. துரை நன்றி மறக்காதவர் என்றே சொல்லவேண்டும்.

பருத்தித்துறையில் முத்துவுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தால் என்ன? இந்தக் கேள்வியை இங்கே விட்டுவைக்கிறேன். பிரதேச சபைக்காரர் யாராவது கூட்டத்தில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

தமிழில் நல்ல பறவைக் குறிப்பு எழுதியவர் யார் என்று கேட்டால் நான் சத்திமுத்தப் புலவரைச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பாட்டு. வறுமையில் வாடிய புலவர் வானத்தில் போகும் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். கவிதையை ஒரு பக்கம் வையுங்கள். கணக்குப்பிள்ளைக் கண்ணால் பாருங்கள். காலின் நிறம் இருக்கிறது. அலகின் நிறமும் வடிவமும் இருக்கின்றன. அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிடுகிறார், அது எவ்வளவு சரி என்று கிழங்கு கிழித்துத் தின்ற எங்களுக்குத் தெரியும். சோடியாக வந்ததா என்பது இருக்கிறது. தென்திசைக் குமரியில் ஆடி வடதிசைக்குத் திரும்பும் என்று வலசைப் பாதையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். திகதி. அதையும் எழுதியிருந்தால் அவருக்கு நாங்கள் கோயில் கட்டியிருக்கலாம்.

திகதி ஏன் முக்கியம் என்பதற்கு ஆறுமணிக்குருவி ஒன்று போதும். ஒக்ரோபர் மாதத்தில் மழை தொடங்கும் நாட்களில் உங்கள் வீட்டுக் குசினிக்குள்ளோ விறாந்தையிலோ பச்சை, நீலம், சிவப்பு என்று சாயம் பூசின மாதிரி ஒரு குருவி வந்து மயங்கிக் கிடந்திருக்கும். வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கட்டை. இந்தியாவிலிருந்து இரவில் பறந்து கடல் கடந்து களைத்து விழுந்தது அது. பாக்கு நீரிணையைத் தாண்டினால் முதற்கரை நாங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, பூனையைக் கட்டிப்போட்டு, பேசாமல் விடுங்கள், விடியப் போய்விடும். அது வந்த நாளை மட்டும் கலண்டரில் குறித்துவையுங்கள். பத்து வருடம் குறித்தால், மழையோடு வருகிறதா, மழைக்கு முந்தி வருகிறதா, வருகை பிந்துகிறதா என்று உங்கள் கலண்டரே சொல்லும். ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை.

என் பேத்தி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளும் ஆண்டுப் பட்டியல் வைத்திருக்கிறாள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. மே மாதம் ஒருநாள் எடுத்தாள்.

"அப்பப்பா, நாங்கள் பொயின்ற் பீலிக்குப் போறம்."

பொயின்ற் பீலி என்பது ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. வசந்தத்தில் தெற்கிலிருந்து இரவிரவாக ஏரியைக் கடக்கும் சின்னக் குருவிகள் விடியற்காலையில் களைத்து அதில்தான் விழும். அதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து சனம் போகும். நான் அவளிடம் சொன்னேன், "பிள்ளை, உனக்கு பொயின்ற் பீலி, எனக்கு பொயின்ற் பீட்ரோ." பருத்தித்துறைக்கு ஆங்கிலேயர் எழுதிய பெயர் அது. அங்கே மே, இங்கே ஒக்ரோபர். கடலைக் கண்ட குருவிக்கு இரண்டு முனையும் ஒன்றுதான். வித்தியாசம், அவர்களிடம் பல தலைமுறைக் கொப்பிகள் இருக்கின்றன.

எங்களிடம் ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஆசிரியரான புதிதில் தொடங்கிய கொப்பிகள் இருந்தன. போர்க்காலத்தில் பைனாகுலரோடு வெளியில் நிற்க முடியாது. யாரைப் பார்க்கிறாய் என்று கேட்க ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பு இருந்தது. எனவே வெறுங்கண்ணாலும் காதாலும் எழுதினேன். இரவில் ஆட்காட்டி கத்தினால் ஒழுங்கையில் யாரோ நடக்கிறார்கள் என்று விளக்கை அணைத்தோம். அதையும் எழுதினேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கிவர, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாங்களும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தோம். அரிசி எடுத்தோம், காணி உறுதி எடுத்தோம், பிள்ளைகளின் சான்றிதழ் எடுத்தோம். கொப்பி எடுக்க யாருக்கு நினைவு வரும்? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீடு நின்றது. அலுமாரி இல்லை.

அந்தக் கொப்பிகளில் இருந்த ஒரு பக்கம் மட்டும் எனக்கு மனப்பாடம். ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனைகள் பற்றியது. எங்கள் வளவுக்குப் பின்னால் அப்படி நின்ற பனைகளின் பொந்துகளில் அடுத்த பருவமே கிளிகள் வந்து முட்டையிட்டன. நல்ல பனையில் தொங்கும் காவோலைக்குள் கூடு கட்டுகிற பனை உழவாரன்கள் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டன. ஒரே குண்டு ஒரு பறவைக்கு வீடு கொடுத்தது, இன்னொன்றை இடம்பெயர்த்தது. எத்தனை கிளி, எத்தனை உழவாரன் என்று எண்ணி எழுதியிருந்தேன். அந்த எண்கள் இப்போது நினைவில்லை.

அதனால்தான் இளம்பிள்ளைகளைப் பார்த்தால் கொப்பி, கொப்பி என்று நச்சரிக்கிறேன். இப்போது அலுமாரிகூடத் தேவையில்லை. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகக்காரர் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையத்தளம் இருக்கிறது. ரெலிபோனில் எழுதினால் எங்கேயோ பத்திரமாக இருக்கும். ஆமி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அழியாது. அதில் ஒரு கேள்வி கேட்பார்கள், நீ கண்ட எல்லாவற்றையும் எழுதினாயா, விசேஷமானதை மட்டும் எழுதினாயா என்று. பலர் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முழு விஷயத்தின் மூலவேர். எல்லாவற்றையும் எழுதுகிறவனுடைய பட்டியலில் காகம் இல்லையென்றால் அன்றைக்கு அங்கே காகம் இல்லை என்று அர்த்தம். விசேஷத்தை மட்டும் எழுதுகிறவனுடைய பட்டியலில் காகம் இல்லாததற்கு ஓர் அர்த்தமும் இல்லை. எங்கள் சந்திக் கடை வாசலில் அரிசி பொறுக்கிய சிட்டுக்குருவிக்கு நேரே ஓர் ஆண்டு நான் முதற்தரம் வெறுங்கோடு போட்டேன். பூநாரை ஆயிரம் என்று எழுதிய நாளைவிட அந்தக் கோடு போட்ட நாள்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஜனவரி முதலாம் திகதியைப் பற்றியும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. வெள்ளைக்காரன் வகுத்த ஆண்டு எங்கள் பறவைகளுக்குப் பொருந்தாது. ஓகஸ்ட் கடைசியிலேயே உள்ளான்கள் வரத் தொடங்கிவிடும். கொண்டல் திரும்பியதும் ஆறுமணிக்குருவி. மழைத்தண்ணீர் நிறைந்ததும் ஊசிவால் தாரா, நீலச்சிறகித் தாரா என்று கூட்டங்கூட்டமாக இறங்கும். மார்ச், ஏப்ரலில் புறப்பட்டுவிடும். பிறகு சோளகம் வீசும், வல்லையில் தண்ணீர் வற்றி உப்புப் பூக்கும், தரவை வெடித்துக் கிடக்கும். ஆகவே எங்கள் பறவை ஆண்டு கொண்டலோடு தொடங்கிச் சோளகத்தோடு முடிகிறது. ஜனவரியில் புதுக்கொப்பி போடுவது ஒரு கலியாணத்தைத் தாலிகட்டோடு நிறுத்தி, சாப்பாட்டை அடுத்த வருடத்துக்கு எழுதுகிற மாதிரி. நான் இரண்டும் வைத்திருக்கிறேன். உலகத்தோடு ஒத்துப்பார்க்க ஜனவரிக் கொப்பி, எனக்காக செப்ரெம்பரில் தொடங்கும் கொண்டல் கொப்பி.

ஆனால் ஜனவரிக்கு ஒரு நன்மை இருக்கிறது. அந்த மாதம்தான் ஆசிய நாடுகள் முழுவதும் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். 1987இல் தொடங்கிய வேலை. இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது 1943இல் உருவான இலங்கைப் பறவைக் கழகம். எதிர்க்கரையில் தமிழ்நாட்டுக்காரர் 2015 தொடக்கம் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். நாங்களும் அந்த நாட்களில் பட்டம் ஏற்றுகிறோம், எப்படியும் வானத்தைத்தான் பார்க்கிறோம், நூலைப் பிடித்த கையில் பேனையும் பிடித்தால் என்ன?

நாங்கள் எண்ணும் இந்தப் பறவைகளெல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்க நினைப்பது தெரிகிறது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தினர் மன்னாரில் சில கடற்காகங்களின் முதுகில் சின்னக் கருவி பூட்டிவிட்டார்கள். அவற்றில் இரண்டுக்கு மேகா என்றும் மெனிக்கே என்றும் பெயர். அவை கோடைக்கு வட துருவத்துப் பக்கம் போய், மாரிக்கு மன்னாருக்கே திரும்பி வந்தன. போகவரச் சுமார் 19,000 கிலோமீற்றர். தலைமன்னார்த் துறையில் மீன்குடல் கொத்துகிற கடற்காகம் அது. இன்னும் சைபீரியப் பனியில் முட்டையிட்டுவிட்டு எங்கள் சேற்றில் ஓடித்திரிகிற கொசு உள்ளான் இருக்கிறது, இருபத்தைந்து கிராம்கூடத் தேறாது. அதற்கு விசா இல்லை, கடவுச்சீட்டு இல்லை. எங்கள் பிள்ளைகள் அந்தத் திசைக்குப் போகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் அந்த உள்ளானைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமைப்படுவேன்.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டொரு சொல். தெரியாததைத் தெரியும் என்று எழுதவேண்டாம். சேற்றில் ஓடும் உள்ளான்களில் பாதி எனக்கே இன்னும் பிடிபடவில்லை. "உள்ளான், இனம் தெரியாது, 40 மட்டில்" என்று எழுதினால் மானம் போகாது. பெயருக்காகத் தயங்கவும் வேண்டாம். தமிழ்நாட்டு நூல்களில் தவிட்டுக்குருவி என்று இருக்கும், எங்களுக்கு அது புலுனி. க. ரத்னம் போன்றவர்கள் தமிழில் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தபோது இப்படி ஊர்ப்பெயர்களைத்தான் தேடினார்கள். அம்மம்மா சொன்ன பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் நூற்பெயரையும் போடுங்கள். அம்மம்மாவிடம் கேட்பதானால் இப்போதே கேளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் சரசாலைக் குருவிக்காட்டில், கண்டல் மரங்கள் தொடங்குகிற இடத்தில், வீதியோரமாக நிற்பேன். கொப்பி, பேனை, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது, மாறி மாறிப் பார்க்கலாம். மழை பெய்தாலும் வருவேன்.